ஸ்பின்னேக்கரைக் கழற்றினால் பழைய எண் ஒத்துவராது

வணக்கம் அண்ணே. மதுரையிலிருந்து மண்டபம் போய் நாலு பேர் பாய்ப்படகு விடுகிறீர்கள். உங்கள் படகில் மட்டும்தான் ஸ்பின்னேக்கர் (காற்று பின்னாலிருந்து வரும்போது முன்னால் விரிக்கும் பெரிய பாய்), அதையும் கழற்றிவிட்டீர்கள், போர்ட்ஸ்மவுத் எண்ணை (வெவ்வேறு வகைப் படகுகளின் நேரத்தைச் சமன்செய்யும் எண்) மட்டும் மாற்றவில்லை, எப்போதும் கடைசி என்கிறீர்கள். கைக்கோளாறு இல்லை அண்ணே. அந்த எண்ணே ஸ்பின்னேக்கரோடு ஓடிய முடிவுகளில் வந்தது. எதிர்க்காற்றில் உங்களுக்கு நட்டமில்லை. காற்று முதுகில் வரும்போதுதான் அடி. முன்பாய் சின்னதாக இருந்தால் இன்னும் அடி. அதனால் எல்லாப் படகுக்கும் ஒரே சலுகை என்பதும் சரிவராது. நம்மூர் வண்டிப் பந்தயத்தில் பெரிய மாட்டையும் சின்ன மாட்டையும் ஒன்றாகவா விடுகிறோம்?

ஓடிய நேரத்தை 1000 ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் முடிவுக்கான நேரம். எண் 1100 ஆக இருந்து 55 நிமிடம் ஓடினால் கணக்கில் 50 நிமிடம். எண்ணை 1140 ஆக்கினால் ஏறக்குறைய 48 நிமிடம் 15 வினாடி. 40 ஏற்றியது உதாரணத்துக்குத்தான். ஏழெட்டுப் போட்டியின் நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த எண் இருந்திருந்தால் நடுவில் வந்த படகோடு சமமாகியிருப்பீர்கள் என்று பாருங்கள். வித்தியாசத்தில் பாதியை மட்டும் ஏற்றுங்கள்.

அப்புறம், முன்பாயைக் கம்பு கொடுத்து விரிக்கலாமா என்பதைக் கரையிலேயே பேசிவிடுங்கள். எங்களுக்குள் சண்டை வந்ததே அந்தக் கம்பால்தான்.