உண்டியலில் இருந்து எடுத்த 640 ரூபாய்

கேள்வி: நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். வீட்டுக்காரர் அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறேன். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10. இருவரும் அரசுப் பள்ளி. மகள் தங்கம், எதையும் கேட்க மாட்டாள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திப் போட்டிருந்ததை நானே பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன். மகன் நேர் எதிர். கையில் காசு கிடைத்தால் சாயங்காலத்துக்குள் காலி. போன மாதம் அவன் மாமா கொடுத்த 100 ரூபாயில் கூட்டாளிகளுக்கு சில்வர் பீச்சில் ஐஸும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். முன்பெல்லாம் உண்டியலில் போடுவான். போன மீன்பிடித் தடைக்காலத்தில் அதை உடைத்து 640 ரூபாய் எடுத்துச் செலவு செய்தோம். அப்புறம் அவன் சேர்ப்பதே இல்லை. இவ்வளவு கஷ்டத்தைப் பார்த்தும் காசின் அருமை தெரியவில்லையே, ஊதாரியாகிவிடுவானோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உண்டியலை உடைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அந்த 640 ரூபாய் எத்தனை நாள் சேர்ந்திருக்கும்? ஐந்தும் பத்துமாகப் போட்ட காசு. ஐஸ் வண்டி மணி கேட்டும் போகாமல் இருந்த நாட்கள் எத்தனையோ அதில் இருந்திருக்கும். ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பங்கும் வராது. அந்த நேரத்தில் அரிசிக்கோ வட்டிக்கோ அதை எடுத்தீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியிருந்தால் எந்தத் தாயும் அந்த உண்டியலைத் தொட மாட்டாள். ஆனால் உங்கள் மகன் அன்று ஒரு பாடம் படித்துவிட்டான். சேர்த்து வைத்தால் அது வீட்டுக்குப் போய்விடும், தின்றுவிட்டால் அது நம்முடையது. அவன் கணக்கில் தப்பே இல்லை.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2013-இல் வெளியானது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 28 பேர். முதலில் படம் வரைய உட்கார வைத்து, "கொஞ்சம் பொறு, நல்ல கலர் பென்சில் கொண்டு வருகிறேன்" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னிச்சுக்கோ, இல்லை" என்றார். அப்புறம் ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். பொறுமை பிறவிக் குணம் என்று நாம் நினைக்கிறோம். எதிரில் இருப்பவர் சொன்னதைச் செய்வாரா என்பதைப் பொறுத்தும் பிள்ளைக்குப் பொறுமை வருகிறது.

சூழ்நிலை பெரியவர்களையும் இப்படி மாற்றத்தான் செய்கிறது. நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றும் அதே ஆண்டு வெளியானது. அறுவடைக்கு முன், அடகும் கடனுமாக இருக்கும்போது புதிர் போலச் சில கேள்விகள் கொடுத்தார்கள். அறுவடை முடிந்து கையில் பணம் வந்தபின் அதே ஆட்களுக்கு மறுபடியும் கொடுத்தார்கள். பணம் வந்தபின் அவர்கள் நன்றாகச் செய்தார்கள். பணக் கவலை மூளையில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. தடைக்காலத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகளை நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுத்ததற்கு வருகிறேன். "ஏன்டா செலவு பண்ணே" என்று கேட்காமல், "அவங்க உனக்கு என்னென்ன வாங்கிக் கொடுத்திருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எப்போதும் வாங்கித் தின்கிற பையனாகவே இருப்பது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் மளிகைக் கடைக்குக் கடன் நோட்டை எடுத்துக்கொண்டு போனவள் நான்தான். பிள்ளையைக் கடைக்காரர் திட்ட மாட்டார் என்று என்னை அனுப்புவார்கள். நாலு பேர் வாங்கிப் போகும்வரை ஓரமாக நின்று, கடை காலியானதும் நோட்டை நீட்டுவேன். இன்றைக்கும் பில் போடும் இடத்தில் பர்ஸை இரண்டு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன். அன்று சில்வர் பீச்சில் உங்கள் மகன் கொஞ்ச நேரம் கொடுக்கிறவனாக இருந்திருக்கிறான். அதை ஊதாரித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? அந்த 640 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக முடியாது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைக்கு 20 ரூபாய் என்றால் 32 வாரம். வீட்டுக் காலண்டரில் அவனையே குறிக்கச் சொல்லுங்கள். "அன்னைக்கு உன்கிட்ட கேட்காம எடுத்தோம், அது உன் காசு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தவணைக்காரர் வரும்போது "அம்மா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். காசு என்றாலே பொய்யும் பயமும்தான் என்று பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது.

அவனுக்குப் பத்து வயது நிரம்பிவிட்டதால் அஞ்சலகத்தில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், அவனே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். திரும்பி வரும் காசு 500 ஆகும் நாளில் கூட்டிப் போங்கள்.

பங்குக் காசு வரும் நாளில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அரிசிக்கு இவ்வளவு, குழுத் தவணைக்கு இவ்வளவு என்று தரையில் பிரித்து வைத்துக் காட்டுங்கள். கடன் மொத்தத்தையும் அவர்கள் தலையில் இறக்க வேண்டாம். "அப்பா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு கடலுக்குப் போறாரு, நீ ஐஸ் கேக்குற" என்ற பேச்சும் வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். தங்கம் என்று நீங்கள் பெருமைப்படுகிறீர்கள். ஊக்கு குத்திய செருப்போடு பத்து நாள் நடந்த பிள்ளை, கேட்டால் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டது. இல்லை, கேட்டால் அம்மா முகம் வாடும் என்று பயந்திருக்கிறது. தம்பியாவது ஆசையை வெளியே காட்டுகிறான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். தனக்கு இது வேண்டும் என்று சொல்லிப் பழகாத பெண் அந்த முதல் மாதமே மொத்தத்தையும் எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவாள், புத்தகத்துக்குக்கூட வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஆகவே அடுத்த பங்குக் காசில் அவளுக்குச் செருப்பு. நீங்களே வாங்கி வந்துவிடாமல் கடைக்குக் கூட்டிப் போங்கள். விலை குறைந்ததைத்தான் முதலில் கையில் எடுப்பாள். "இது போதும்மா" என்பாள். இவ்வளவு ரூபாய் வரை உனக்கு இருக்கிறது என்று தொகையைச் சொல்லிவிட்டு, எது பிடித்திருக்கிறது என்று இன்னொரு தடவை கேளுங்கள். அவள் சொல்லும்வரை கடையிலேயே நில்லுங்கள்.