கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அடுத்த பயணம் கண்டியிலிருந்து நுவரெலியா, மறுநாள் வெலிமடைப் பக்கம் இறக்கம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. இந்தப் பாதையில் நான்கு தரம் போயிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எங்கட ஊரில் ஒரு மேடுகூட இல்லை. எங்கே பழகுவது? (கொக்குவில்)

யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்கும் பெயரில்தான் மலை. ஆனால் எங்களிடம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று இருக்கிறது, தம்பி. ஆடி மாதப் பின்னேரத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் காற்றை எதிர்த்து உழக்கிப் பாருங்கள். கால் ஓய்ந்தால் சைக்கிளும் ஓயும். ஏற்றமும் அப்படித்தான். சீற்றில் இருந்து எழும்பாமல், தோளை இறுக்காமல், மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடப் பழகுங்கள். கிழமைக்கு மூன்று நாள், இரண்டு மாதம் போதும்.

அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் நல்ல நிலையில் இருக்கிறது. அதிலேயே வரலாமா? (மானிப்பாய்)

அந்தச் சைக்கிளின் அருமை எனக்குத் தெரியும். எரிபொருள் வராத போர்க்காலத்தில் விறகும் நோயாளியும் அதில்தான் போனார்கள், டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். என்றாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். முன்னால் 44 பல்லு, பின்னால் 18 பல்லு என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5 மீற்றருக்கு மேல் போகும். நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயரும் றோட்டில், அந்த ஒரு சுற்றில் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறையத் தூக்குகிறீர்கள். முன்னால் 28, பின்னால் 34 உள்ள கியர் சைக்கிளில் அரைச் சாண் தூக்கினால் போதும். முழங்கால் தப்பும். கியர் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

எனக்கு 46 வயது. இளம் பெடியளோடு ஈடுகொடுக்க முடியுமா? (சாவகச்சேரி)

ஈடுகொடுக்கவே வேண்டாம், அக்கா. தூரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. கம்பளை வரை பெரிய ஏற்றம் இல்லை. அங்கே துள்ளி ஓடுகிறவர்கள்தான் ரம்பொடைக்கு மேலே வளைவுக்கு வளைவு நிற்பார்கள். விடியவே வெளிக்கிட்டு, புசல்லாவையில் தேத்தண்ணி, ரம்பொடையில் மத்தியானச் சாப்பாடு என்று உங்கள் அளவில் வாருங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் எங்கள் வான் வரும். அதில் ஏறினாலும் பயணம் பயணம்தான்.

வழியில் என்ன சாப்பிடுவது?

பசிக்க முன்னர் சாப்பிடுங்கள். வாழைப்பழம், எள்ளுருண்டை, பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டு. குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை மறக்க வேண்டாம்.

ஏறினால் சரி, இறங்குவது சுகம்தானே? (நல்லூர்)

இல்லை. நான் பயப்படுவது இதற்குத்தான். பிறந்த நாள் முதல் சைக்கிளோடு வளர்ந்த எங்களுக்கு இறங்கத் தெரியாது, ஏனென்றால் இறங்க இடமே இருந்ததில்லை.

முதல் தரம் வெலிமடைப் பாதையில் ஹக்கலையைத் தாண்டி இறங்கும்போது பயத்தில் இரண்டு பிறேக்கையும் விடாமல் மெல்லப் பிடித்தபடியே போனேன். றப்பர் கருகும் மணம் வந்தது. என்னவென்று யோசிக்க முன்னர் பின் ரயர் வெடித்துவிட்டது. எப்படியோ நிறுத்தி, ரிம்மைத் தொட்டேன். விரல் சுட்டது. அந்தச் சூட்டில்தான் ரியூப் போயிருந்தது. முன் ரயராக இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

ஆகவே பிறேக்கை உரசிக்கொண்டே போகாதீர்கள். நேரான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றே வேகத்தைக் குறைக்கும். வளைவுக்கு முன்னரே இரண்டு பிறேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொல்லுங்கள். பிறகு விட்டுவிட்டு வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் பாரம் அதில். கண் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்கவேண்டும். இடப்பக்கத்தை விடவேண்டாம், எதிரே பஸ் வரும். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 30 மீற்றராவது இடைவெளி வேண்டும். சில கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று ரிம் ஆற விடுங்கள்.

ரிம் நனைந்திருந்தால் முதல் பிடி தண்ணீரைத்தான் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். கையுறையும் கட்டாயம். வியர்வையோடு இறங்கினால் விரல் விறைத்து பிறேக்கை இழுக்க வராது. சட்டைக்குள் ஒரு பத்திரிகைத் தாளைச் செருகினால் நெஞ்சுக்குக் குளிர் படாது. வெளிக்கிட முன்னர் பிறேக் றப்பரைப் புதிதாக மாற்றுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை ரம்பொடைப் பக்கத்தை நனைக்கும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவோம், அதில் பேச்சே இல்லை.

கொழுந்து எடுப்பவர்களைப் படம் எடுக்கலாமா? (பருத்தித்துறை)

கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் வேலையில் நிற்கிறார்கள், எடை குறைந்தால் சம்பளம் குறையும். போன தரம் லபுக்கலைக்குக் கிட்ட மூச்சு வாங்க நின்றபோது, கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மா, "யாழ்ப்பாணமா? இதுலயா வந்தீங்க?" என்று என் ரயரை அழுத்திப் பார்த்தார். பிறகு தன் போத்தலிலிருந்து சாயத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். படம் எடுக்க எனக்கு நினைவே வரவில்லை.