பேஸ்டல் நெயில் பாலிஷ்: கேளுங்கள், சொல்கிறேன்

லாவெண்டர், மின்ட், பீச், பேபி பிங்க் என்று வெளிர் நிறங்களை வீட்டிலேயே போட்டுப் பார்ப்பவர்களுக்காக இது. பார்லரில் பல வருடம் நகம் பார்த்தவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். சாதா பாலிஷ் மட்டும், லாம்ப் வெளிச்சத்தில் இறுக்கும் ஜெல் பாலிஷ் பற்றிய கேள்விகள் வேண்டாம்.

கே: அக்கா, லாவெண்டர் வாங்கினேன். பாட்டிலில் அழகாக இருக்கிறது, நகத்தில் கோடு கோடாக வருகிறது. மட்டமான பாலிஷா?

ப: பெரும்பாலும் பாலிஷ் மேல் தப்பு இருக்காது. வெளிர் நிறம் வர வேண்டுமென்றால் வெள்ளை நிறமி, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, நிறைய சேர்க்க வேண்டும். அது கனமான தூள், பாட்டிலின் அடியில் போய்ப் படியும், பிரஷ் போன இடமெல்லாம் தடம் விடும். அதனால் முதலில் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் நன்றாக உருட்டுங்கள். நகத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்து, பேஸ் கோட் (நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு) போட்டுக் காயவிடுங்கள். அப்புறம் பிரஷ்ஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, நகக்கண்ணை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைத்து, நடுவில் ஒரு இழுப்பு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, அவ்வளவுதான். முதல் கோட் அசிங்கமாகத்தான் இருக்கும், அதன் மேல் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள், பாதி காய்ந்த பாலிஷை பிரஷ் இழுப்பதால்தான் பாதித் திட்டு வருகிறது. ஐந்து நிமிடம் பொறுத்து இரண்டாவது கோட், அழுத்தாமல், பிரஷ் மிதக்கிற மாதிரி. தேவைப்பட்டால் மெல்லிய மூன்றாவது. நக நுனியின் விளிம்பிலும் ஒரு தடவு தடவி, டாப் கோட் (நிறத்துக்கு மேலே போடும் காப்புப் பூச்சு) போட்டு முடியுங்கள்.

கே: பழைய மின்ட் பாட்டில் கெட்டியாகிவிட்டது. ரிமூவர் ஊற்றிக் கலக்கலாமா?

ப: கூடாது. அசிட்டோன் பாலிஷின் பக்குவத்தையே கெடுத்துவிடும், போட்டாலும் சீக்கிரம் உரியும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறார்கள், இரண்டு மூன்று சொட்டு விட்டு உருட்டுங்கள்.

கே: ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் உடனே காயுமாமே?

ப: மேல்பரப்பு இறுகும், உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகாது. மெல்லிய கோட்தான் சீக்கிரம் காயும்.

கே: எனக்கும் திட்டுத் திட்டாகத்தான் வருகிறது, என்ன செய்ய?

ப: முதல் பதில்.

கே: கருப்பாக இருப்பவர்களுக்கு பேஸ்டல் பொருந்தாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஆசையாக எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ப: போய் அதையே வாங்குங்கள். எனக்குக் கோபம் வருகிற பேச்சு இது. மாநிறக் கையிலும் கருத்த கையிலும் லாவெண்டரும் பீச்சும் எடுப்பாக நிற்கும், வெளுத்த கையில் அதே நிறம் சில நேரம் கண்ணுக்கே தெரியாது.

கே: ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள் அக்கா. நான் பௌடர் ப்ளூ போட்டு, சாக்பீஸ் தூள் அப்பின மாதிரி இருந்தது. கடைக்காரர் சொன்னதில் என்ன தப்பு?

ப: நீங்கள் பார்த்தது நிஜம், காரணம்தான் வேறு. வெள்ளை அளவுக்கு மீறிப் போய், நிறம் பேருக்கு மட்டும் இருக்கும் ஷேடுகள் அப்படித்தான் வெளிறித் தெரியும், இரண்டு கோட்டோடு நிறுத்தினால் அடியிலுள்ள நகமும் தெரிந்து இன்னும் மோசமாகும். அதே குடும்பத்தில் நிறம் ஒரு படி கூடுதலாக உள்ளதை எடுங்கள். மேட் வேண்டாம், பளபளப்பான டாப் கோட் போடுங்கள். நகத்தைச் சுற்றித் தோல் வறண்டு வெள்ளையாக இருந்தாலும் பேஸ்டல் அதைக் காட்டிக்கொடுக்கும், பாலிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வாங்கியதும் நகத்தில் போட வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்பூனின் பின்பக்கம் இரண்டு கோட் போட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் விரலோடு சேர்த்துப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

கே: அந்தக் கடைக்காரர் சொல்வது சரிதான், எங்கள் வீட்டிலும் கருத்த கைக்கு மெரூன்தான் என்பார்கள்.

ப: மெரூன் அழகு, போடுங்கள். அது மட்டும்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கை, உங்கள் நகம். நான் பார்த்ததில் கருத்த விரல்களில் பீச் நிறம் அமர்ந்த அழகு வேறு எதற்கும் வரவில்லை.

கே: சாம்பார் சாதம் பிசைந்தால் பேபி பிங்க் மஞ்சளாகிவிடுகிறது!

ப: மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் டாப் கோட்டில் ஏறிவிடுகிறது. தண்ணீரில் அது சரியாகக் கரையாது, அதனால் சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சக் கறை வெயிலில் மங்கும், துணியில் பட்ட மஞ்சள் மங்குகிறதே, அதே காரணம்தான். இரண்டு நாளுக்கொரு முறை டாப் கோட் புதுப்பித்தால் கறை பார்வைக்குக் குறையும். ரிமூவரால் துடைக்காதீர்கள், பாலிஷே போய்விடும்.

கே: மருதாணி வைத்த நகத்தில் மின்ட் போட்டால் அழுக்காகத் தெரிகிறது.

ப: அடியிலுள்ள ஆரஞ்சு கலந்து தெரிகிறது. முதலில் ஒரு கோட் வெள்ளை போடுங்கள், அதன் மேல் மின்ட். மருதாணி நகம் வளர்ந்துதான் போகும், மாதம் சுமார் 3 மி.மீ., முழு நகமும் மாற ஆறு மாதம் ஆகலாம்.

கே: ஜெல் லாம்ப் வாங்கலாமா? விரல் நுனி அரிக்கிறது.

ப: அரிப்பு இருக்கிறதென்றால் ஜெல்லை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

கே: அம்மாவுக்கு ஆபரேஷன். வெளிர் நிறம்தானே, விட்டுவிடலாமா?

ப: எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியாக ஒளியை அனுப்பித்தான் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கிறது, நகத்தின் நிறத்தையும் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

கே: ரிமூவர் ஒரே ஒரு சொட்டு விட்டால்கூடவா பாலிஷ் கெட்டுவிடும்?

ப: ஒரு சொட்டும் வேண்டாம். தின்னர், தின்னர், தின்னர். இரண்டையுமே அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் திறக்காதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

கே: தங்கை கல்யாணம், அரக்குப் பட்டு. எந்த பேஸ்டல்?

ப: பீச். முகூர்த்தத்தன்று காலையில் அவசரமாகப் போடாதீர்கள், முந்தின நாள் மதியமே போட்டு, அன்று இரவு பாத்திரம் தேய்க்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.