அலைபேசியே தொழிலாக இருக்கும்போது அலைபேசிப் பழக்கத்தை விடுவது எப்படி?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் மாமியாருடன் வசிக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். தேன்குழல், கைமுறுக்கு, மனகோலம், சீப்புச் சீடை முதலிய பலகாரங்களை வீட்டிலேயே செய்து சில ஆண்டுகளாக விற்று வருகிறேன். ஆர்டர்கள் எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான் வருகின்றன. ஆர்டர் பார்க்கப் போனை எடுத்தால் ரீல்ஸில் போய் முடிகிறது. இரவு எட்டரைக்குக் கணவர் அழைப்பார். பேசி முடித்த பிறகு படுக்க நள்ளிரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டியவள் ஏழு மணிக்கு எழுகிறேன். கணக்கு எழுதிப் பல மாதங்கள் ஆயிற்று; சீட்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. அந்தச் செயலிகளை இரண்டு முறை அழித்தும் பார்த்துவிட்டேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று, சொன்ன தேதிக்குப் பலகாரத்தை அனுப்பி, ஒரு தொழிலைத் தனியாக நடத்தி வருபவரிடம் மன உறுதிக்குக் குறைவிருக்க வாய்ப்பில்லை. அந்த உறுதியைச் செலவிடும் இடம்தான் தவறாக இருக்கிறது. அலைபேசி கைக்கு வந்து, திரை ஒளிர்ந்து, முதல் காணொளி ஓடத் தொடங்கிய பிறகு நிறுத்த முயல்கிறீர்கள்; அந்தக் கட்டத்தில் யாருடைய உறுதியும் பெரிதாக உதவாது.

பழக்கங்களை நீண்ட காலமாக ஆராய்ந்து வரும் அமெரிக்க உளவியலாளர் வெண்டி உட்டும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் மணிக்கு ஒருமுறை தாங்கள் அப்போது செய்துகொண்டிருப்பதைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். அவர்கள் செய்தவற்றில் ஏறத்தாழ 43 சதவீதம், அன்றாடம் அதே இடத்தில், பெரும்பாலும் வேறு எதையோ நினைத்துக்கொண்டே செய்யும் செயல்களாக இருந்தன. 2011-இல் அவர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு உங்கள் நிலைக்கு மேலும் நெருக்கமானது. திரையரங்கில் படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்துச் சவுத்துப்போன பாப்கார்னும் கொடுக்கப்பட்டன. திரையரங்கில் பாப்கார்ன் தின்னும் பழக்கம் ஊறியவர்கள், நன்றாக இல்லை என்று தெரிந்தும், சவுத்துப்போனதைப் புதியதற்கு இணையான அளவில் தின்று தீர்த்தார்கள். அதே வகையினரைத் திரையரங்கில் உட்கார வைக்காமல் ஒரு கூட்ட அறையில் உட்கார வைத்தபோதும், வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் தின்னச் சொன்னபோதும், அந்த இழுப்பு தளர்ந்துவிட்டது. ரீல்ஸ் பார்ப்பதில் உங்களுக்கு இப்போது மகிழ்ச்சிகூட இல்லாமல் இருக்கலாம். இடமும் நேரமும் கையின் அசைவும் பழையபடியே இருக்கும்வரை பழக்கத்துக்கு மகிழ்ச்சி தேவைப்படுவதில்லை. நீங்கள் செயலியை அழித்தீர்கள். ஆனால் அதற்கு இட்டுச்செல்லும் இடத்தையும் நேரத்தையும் அப்படியே விட்டுவைத்தீர்கள்.

உங்கள் கடிதத்திலிருந்தே அந்த நேரங்கள் இரண்டு என்று தெரிகின்றன: ஆர்டர் பார்க்கப் போனை எடுக்கும் நேரம் ஒன்று, கணவருடன் பேசி முடிக்கும் நேரம் மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஆர்டர். பலரும் ரீல்ஸை மட்டுமே குற்றவாளி ஆக்குகிறார்கள். உங்கள் விஷயத்தில் ஆர்டர் பார்ப்பதும் அதே அளவுக்குப் பழக்கமாகிவிட்ட செயல். புறாக்களை வைத்து அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் செய்த சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறாவைவிட, எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான், தீனியை நிறுத்திய பிறகும் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. ரீல்ஸின் இழுப்பு இந்த நிச்சயமின்மையில்தான் இருக்கிறது. அடுத்தது நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாட்ஸ்ஆப்பைத் திறந்தால் ஐந்து கிலோ தேன்குழலுக்கு ஆர்டர் வந்திருக்கலாம், யாரோ அனுப்பிய காலை வணக்கப் படமும் வந்திருக்கலாம். அதிலும் இது உண்மையான காசு தரும் ஆர்டர் என்பதால், போனை எடுப்பதே உழைப்பு என்று மனம் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. உங்களைப் போன்ற சிறுதொழில் செய்பவர்கள் இதில் மற்றவர்களைவிட ஆழமாகச் சிக்குவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஆகவே ஆர்டருக்கென்று தனி அலைபேசி வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போன் போதும். வாடிக்கையாளர்களிடம் இருக்கும் எண்ணை அதற்கு மாற்றிக்கொண்டு, குடும்பத்தாருக்குப் புது எண்ணைக் கொடுங்கள்; பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பிறகு ஆர்டர்களைத் தேடித் திண்டாடுகிறார்கள். அந்தப் போனில் தொழில் செய்பவர்களுக்கான வாட்ஸ்ஆப் பிசினஸ் இருக்கட்டும்; பொழுதுபோக்குச் செயலி எதுவும் இருக்க வேண்டாம். குறித்த நேரங்களில் தானாகப் பதில் அனுப்பும் வசதி அதில் இருக்கிறது; 'ஆர்டர்கள் காலை பத்தரைக்கும் மாலை நான்குக்கும் பார்க்கப்படும், அவசரமானால் அழைக்கவும்' என்று எழுதி வைத்துவிடுங்கள். கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் பலகாரம் சொல்கிறவர்கள் பல நாட்களுக்கு முன்பே சொல்கிறவர்கள். பதில் சற்றுத் தாமதித்ததற்காக அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போகமாட்டார்கள். இந்தப் போன் அடுப்படிக்குள் வரக் கூடாது. முகப்பில் ஓரிடத்தில் இருக்கட்டும், நின்றபடியே பாருங்கள். உட்கார்ந்தால் அடுத்த அரை மணி நேரம் போய்விடும்.

இனி இரவு எட்டரை. இது இரண்டில் கடினமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, பதினொரு மணி. வேலை முடித்துக் களைத்துப்போன மனிதர் அதிக நேரம் பேச முடியாமல் வைத்துவிடுவார். நம் செட்டிநாட்டு வீடுகள் பெரியவை; வளவும் (நடுமுற்றப் பகுதி) அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டும் கொண்ட வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, அழைப்பு முடிந்த அந்த நொடியில் வீடு முன்பைவிட வெறுமையாகத் தோன்றுவது இயல்பு. போன் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, விரல் தானாக நகர்கிறது. நீங்கள் இதை மன உறுதிக் குறைவோ என்று கேட்டிருந்தாலும், எனக்குத் தனிமையாகத்தான் தெரிகிறது. பழக்கத்தை விடச் சொல்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்: ஒரு பழக்கம் எந்தத் தேவையை, எவ்வளவு மோசமாக ஆயினும், நிறைவேற்றி வந்ததோ அந்தத் தேவைக்கு வேறு ஒன்றைக் கொடுக்காமல் பழக்கத்தை மட்டும் பிடுங்கினால், அது வேறு வடிவில் திரும்பி வரும்.

ஆகவே அழைப்பு உங்கள் கையில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் பேசுங்கள். கடைசியில் போனை மாமியாரிடம் கொடுங்கள். மகனிடம் பேசி முடித்ததும் அவர்களே அதைப் பட்டாலையில் (கூடத்தில்) உள்ள சார்ஜரில் மாட்டிவிடட்டும். இதற்கான காரணத்தை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பெரியவர்கள் இப்படி ஒரு பொறுப்பை மகிழ்ச்சியாகவே ஏற்பார்கள். காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டால், போனைப் படுக்கைக்கு எடுத்துச் செல்ல இருக்கும் கடைசிச் சாக்கும் இல்லாமல் போய்விடும்.

போன் கையை விட்டுப் போன பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே, ஒரே வாக்கியத்தில், எழுதி வையுங்கள். 'இன்றிலிருந்து ஒழுங்காகக் கணக்கு எழுதுவேன்' என்ற தீர்மானத்தைவிட, 'மாமியாரிடம் போனைக் கொடுத்ததும், வளவில் மேசைக்கு முன் உட்கார்ந்து இன்றைய வரவு செலவை எழுதுவேன்' என்பதுபோல் நேரத்தையும் இடத்தையும் செயலையும் முடிச்சுப் போடும் வாக்கியம் கூடுதல் பயன் தருகிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறை இது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இவ்வாறு திட்டமிட்டவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பதில் குறிப்பிடத்தக்க அளவுக்கு முன்னே இருந்தார்கள்.

கணக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிஸ்கட் டப்பாவை முதலில் திறக்காதீர்கள். வேலையைத் தள்ளிப்போடுவது நேர மேலாண்மைக் குறை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஃபியூஷியா சிரோவா, திமத்தி பைச்சல் போன்ற ஆய்வாளர்கள் அதை, விரும்பத்தகாத ஓர் உணர்வைத் தற்காலிகமாகத் தவிர்க்கும் வழியாகவே விளக்குகிறார்கள். உங்களை விரட்டுவது கூட்டல் கழித்தல் ஆக இருக்க முடியாது. பழைய சீட்டுகளைப் பார்க்கும்போது எழும் குற்ற உணர்ச்சிதான் விரட்டுகிறது. இன்றைய தேதியில் புது நோட்டைத் தொடங்கி, அன்றன்றைய பற்றையும் வரவையும் பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். டப்பாவில் உள்ளவற்றை, புது நோட்டு ஒரு மாதம் தொடர்ந்த பிறகு, கணக்குத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பிற்பகல்களில் முடித்துவிடலாம்.

கணக்கு எழுத ஓர் இடம் என்று சொன்னதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றை நினைவூட்டத் தோன்றுகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன நகரத்தார், கிட்டங்கி என்ற பொது மண்டபத்தில் பல மார்க்காக்களாக (தொழில் நிறுவனங்களாக) சேர்ந்து தொழில் நடத்தினார்கள். ஒவ்வொரு மார்க்காவுக்கும் அங்கே குறித்த ஓர் இடமும் ஒரு பெட்டியும் இருந்தன, தொழில் பழகப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்துதான் கணக்குப் பழகினான். உட்கார்ந்ததும் கை கணக்குக்குப் போவதற்கு அப்படி ஒரு தனி இடம் தேவை. உங்கள் வீட்டிலும் பழைய கைப்பெட்டி ஒன்று இருக்கக்கூடும். அதன் மேல் நோட்டைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள்.

எழும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. வயது வந்தவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்துக்கு எழ வேண்டுமானால் பத்துக்குள் படுத்தாக வேண்டும். ஏழிலிருந்து ஐந்துக்கு ஒரே நாளில் தாவாமல் சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்து வாருங்கள். படுக்கும் நேரம் அதைத் தொடர்ந்து தானே முன்னுக்கு வரும்.

இவற்றில் எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு வாரம் வெறுமனே குறித்துவாருங்கள்: போனை எடுத்த நேரம், இருந்த இடம், அதற்குச் சற்று முன் செய்தது என்ன. கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறம் போதும். நகம் கடித்தல் போன்ற பழக்கங்களுக்காக 1973-இல் நாதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் வகுத்த சிகிச்சையிலும் இப்படிக் கவனிக்கப் பழகுவதே முதல் படியாக இருந்தது. நான் சொன்ன இரண்டு நேரங்களுடன் நீங்கள் எழுத மறந்த மூன்றாவது ஒன்றும் வெளிப்படலாம். மாவு ஊறும் இடைவெளியோ, பிற்பகல் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரமோ என்று ஊகிக்கிறேன்.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்று அடுத்து கேட்பீர்கள். 21 நாள் என்ற கணக்கு, 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாவது ஆவதாக எழுதியதிலிருந்து பரவியது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பில் இழை (நூல் திரி) எடுத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு அந்த எண் எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. நோன்புக்கு அது சரி, பழக்கத்துக்குச் சான்று இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்துக் கணக்கிட்டதில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நீங்கள் செயலிகளைத் திரும்ப நிறுவிய நாளன்று எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டியதுதான், நிறுவியதைவிடக் கெடுதல் செய்திருக்கும்.

தொடங்குவதற்கு ஆடி மாதத்தைச் சொல்வேன். கல்யாணம் இல்லாததால் அடுப்பும் ஓரளவு ஓய்ந்திருக்கும். ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம் வந்து குவிவதற்கு முன் உங்களுக்கு அந்த 66 நாட்கள் தாராளமாகக் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் தூக்கம் வராமல் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல் மனம் சோர்ந்திருந்தாலோ, அதைப் பழக்கம் என்று எண்ணித் தனியாகப் போராட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே, கட்டணமின்றி, மனநல ஆலோசகரிடம் பேசலாம். நேரில் பார்ப்பது நல்லது என்று தோன்றினால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைச் சந்தியுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய நாட்களில் இந்த ஒழுங்கு குலையத்தான் செய்யும். அப்போது ஆர்டர் போனை இரண்டுக்குப் பதில் நான்கு முறை பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கில் அன்றைய மொத்த வரவை மட்டும் ஒரே வரியில் எழுதுங்கள், ஆனால் இரவு அழைப்பு மாமியார் கையில் முடியும் ஏற்பாட்டை ஒரு நாளும் மாற்றாதீர்கள்.