சேவை நாய்க்கு அடையாள அட்டை வாங்க வேண்டுமா?

உங்கள் சேவை நாயோடு (குறைபாடுள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்) உணவகம் போனபோது சிக்கல் வந்ததால், இணையத்தில் 80 டாலருக்கு விற்கும் அடையாள அட்டையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அமெரிக்காவில் சேவை நாய்க்குப் பதிவோ சான்றிதழோ சட்டப்படி தேவையில்லை. இணையத்தில் விற்கிற அட்டைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. (ஊர் உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற நாய்களைப் போலவே வேண்டும்.)

உணவகத்தில் "இது கூட இருந்தால் எனக்கு நிம்மதி" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். குறைபாடுள்ளோர் உரிமைக்கான அமெரிக்கச் சட்டமான ஏடிஏ-வின்படி ஊழியர் கேட்கக்கூடியது இரண்டே கேள்வி: உங்கள் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது? நிம்மதி தருவது வேலைக் கணக்கில் வராது. "பதற்றம் தொடங்கும்போது மடியில் ஏறி அழுத்தும்" என்பது வரும். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, செய்து காட்டவும் தேவையில்லை.

அப்புறம், பக்கத்து மேசையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அடங்காத நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லக் கடைக்கு உரிமை உண்டு. நாய்களை அனுமதிக்கும் கடையொன்றின் வெளி இருக்கையில், கூட்டமில்லாத நேரத்தில், அரை மணி மேசைக்கடியில் படுக்க வைத்துப் பாருங்கள். கீழே விழுந்த வறுவலைத் தொடாமல் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் பயிற்சி வேண்டும். நீங்களே தரலாம், ஆனால் பயிற்சி முடியாத நாய்க்கு ஏடிஏ உரிமை இல்லை. பல மாநிலங்கள் அதைத் தனியாகத் தருகின்றன.

விமானத்துக்கு விதி வேறு. 2021 முதல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் படிவத்தை விமான நிறுவனங்கள் கேட்கலாம்.