டயர் ரப்பரில் கார்பன் பிளாக்குக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்ப்பது ஏன்?

வெறும் ரப்பர் சாலையில் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், கார்பன் பிளாக் எனப்படும் நுண்கரித்தூளைக் கலந்து அதை வலுப்படுத்துவது நெடுநாள் வழக்கம். ஆனால் டயர் உருளும்போது ரப்பர் ஓயாமல் நசுங்கி மீள்வதால், கரித்துகள்களுக்கிடையே உள்ள பிணைப்புகள் உடைந்து மீண்டும் உருவாகி, ஆற்றல் வெப்பமாக வீணாகிறது.

மணலின் முதன்மைச் சேர்மமான சிலிக்கா, நுண்தூளாகச் சேர்க்கப்படும்போது இவ்விழப்பைக் குறைப்பதோடு, ஈரச் சாலையில் பிடிமானத்தையும் கூட்டுகிறது. மிஷலின் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த ‘பசுமை டயர்’ இந்த வழியில்தான் உருவானது. எனினும் சிலிக்காவின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள்) நீரை விரும்புபவை. ஆகவே அது ரப்பரோடு ஒட்டாமல் தனக்குள்ளேயே திரண்டுகொள்ளும். இதைத் தீர்ப்பது சிலேன் எனப்படும், கந்தகம் கொண்ட சிலிக்கான் சேர்மம். கலவை இயந்திரத்தில் சுமார் 140 முதல் 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் ஒரு முனை சிலிக்காவோடு வினைபுரிந்து எத்தனாலை வெளியேற்றுகிறது. கந்தக முனையோ, பின்னர் வல்கனைசிங்கின்போது (ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும்போது) ரப்பர் சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது. என் பார்வையில் இந்த வேதிப்பாலமே முழு நுட்பத்தின் உயிர்நாடி. அது சரியாக அமையாவிட்டால் சிலிக்காவைச் சேர்த்துப் பெரும் பயனில்லை.

சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், வண்டியில் சேரும் நிலைமின்னூட்டம் தரையிறங்க, இத்தகைய பல டயர்களில் கார்பன் பிளாக் மிகுந்த மெல்லிய ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சாலையைத் தொடும் பகுதியில் பதிக்கிறார்கள்.