பிப்ரவரியில் நின்றுபோகும் வேதவாசிப்பு

மதிப்பிற்குரிய ஐயா, ஸ்தோத்திரம்.

வருஷா வருஷம் டிசம்பர் 31 நள்ளிரவு வாட்ச்நைட் ஆராதனையில் "இந்த ஆண்டு வேதத்தை முழுசா முடிச்சிடணும்" என்று தீர்மானம் எடுக்கிறேன். ஆதியாகமம் மளமளவென்று போகிறது, பிப்ரவரியில் நின்றுவிடுகிறது. வரும் ஆண்டுக்கு முழு வேதம், மாதம் ஒரு கிறிஸ்தவ நூல், அதோடு தேம்பாவணி என்று பட்டியல் போட்டிருக்கிறேன். பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். இது நடக்குமா?

– ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

நடக்காது. உங்கள் பட்டியலில் மூன்று வருஷ வேலை இருக்கிறது.

வேதத்தில் 1189 அதிகாரங்கள். நம் சபைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும், பத்து அதிகாரம் மிச்சம்கூட ஆகும். ஆனால் மூன்றே நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த மிச்சம் ஏறக்குறைய காலி. பிப்ரவரியில் நிற்பதற்கும் காரணம் உண்டு. இந்த வேகத்தில் போனால் ஜனவரி கடைசியில் லேவியராகமம், பிப்ரவரி முதல் வாரத்தில் எண்ணாகமம் ஏழாம் அதிகாரம். 89 வசனங்கள். இஸ்ரவேல் கோத்திரங்களின் பன்னிரண்டு பிரபுக்களும் நாளுக்கு ஒருவராக வந்து 130 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி என்று ஒரே காணிக்கையைப் படைக்கிறார்கள், பன்னிரண்டு தடவையும் முழுப் பட்டியல் வருகிறது. அன்றைக்கு இன்னும் இரண்டு அதிகாரம் பாக்கி. பள்ளியிலிருந்து களைத்து வருகிறவர் அங்கே மூடி வைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்த ஆண்டுக்குப் புதிய ஏற்பாடு மட்டும் எடுங்கள். அதில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, 52 வாரம், கணக்கு அப்படியே பொருந்துகிறது. சனிக்கிழமை விட்டதைப் பிடிக்க. ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு அதிகாரத்துக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஐந்தாறு அதிகாரத்தை ஒரே மூச்சில் ஓட்டினால் குறித்துவைக்கும் தாளில் கட்டம் நிரம்பும், என்ன படித்தோம் என்று கேட்டால் வாய் திறக்க முடியாது. இரண்டுக்கு மேல் விட்டுப்போனதைக் காலிக் கட்டமாகவே விட்டுவிட்டு அன்றைய பகுதிக்கு வந்துவிடுங்கள்.

தேதி போட்ட அட்டவணையும் வேண்டாம். ஒரு தாளில் புத்தகப் பெயர், அதன் எதிரே கட்டம் கட்டமாக அதிகார எண்கள், படித்ததை அடித்துவிடுங்கள். தேதி இருந்தால்தான் "பதினோரு நாள் பாக்கி" என்கிற பயம் வரும். கைப்பேசிச் செயலிகள் தொடர்ச்சி நாள் எண்ணிக் காட்டுவதும் இதே தொல்லைதான். அந்த அறிவிப்பை நிறுத்திவையுங்கள்.

ஜனவரி 1-க்குக் காத்திருக்க வேண்டாம். விடிய விடிய ஆராதனை, பகலெல்லாம் விருந்தாளிகள், முதல் நாளே கோட்டை விட்டுவிடுவோம். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1-இல் தொடங்கினால் 24-ஆம் தேதி முடியும். முதல் அதிகாரத்திலேயே 80 வசனங்கள், புதிய ஏற்பாட்டில் அதைவிட நீண்ட அதிகாரம் கிடையாது. ஆகவே நவம்பர் 30-லேயே பாதியைப் படித்துவிடுவது நல்லது. உங்களுக்கு எந்த நேரம் ஒத்துவருகிறது, ஒரு அதிகாரத்துக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்பதும் அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். ஜனவரியில் அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளுக்குப் போங்கள், கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். லூக்கா முடிந்துவிட்டதால் ஆண்டுக்கு 24 வாரநாள் மிச்சம். அதைப் பொதுத்தேர்வுக்கும் விடைத்தாள் திருத்தும் நாட்களுக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

ஞாயிறுக்கு வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகம். வாரம் மூன்று சங்கீதம்; 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் தனி ஞாயிறு. 51 ஞாயிறுகளில் முடியும்.

பழைய ஏற்பாடு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு. 929 அதிகாரங்கள், வாரநாளில் இரண்டு வீதம் 465 நாள். இரண்டு ஆண்டில் 520 வாரநாட்கள் இருப்பதால் 55 நாள் கையிருப்பு. எண்ணாகமம் ஏழை அப்போது நிதானமாகப் படிக்கலாம். (கத்தோலிக்க வாசகர்களுக்கு: உங்கள் பழைய ஏற்பாடு இதைவிடப் பெரியது, கணக்கை மாற்றிப் போடுங்கள். புதிய ஏற்பாட்டில் வித்தியாசம் இல்லை.)

மாதம் ஒரு நூல் என்பதை ஆண்டுக்கு நான்காகக் குறையுங்கள். சனிக்கிழமைக்கு 20 பக்கம் என்றால் 200 பக்க நூலுக்குப் பத்துச் சனிக்கிழமை. வாங்கி வைத்துப் பிரிக்காமல் இருப்பதிலிருந்தே நான்கை எடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

தேம்பாவணியை இதோடு சேர்க்காதீர்கள். 3615 பாடல்கள், தினம் பத்து என்றால் ஆண்டு முழுக்க ஓடும். வீரமாமுனிவரின் செய்யுள் உரை பார்க்காமல் நகராது, நாட்டு வர்ணனையிலேயே மூச்சு வாங்கும். வாசிக்கும் ஆண்டில் வாரம் ஒரு படலம் என்று வையுங்கள், 36 படலம், 36 வாரம். படலத்துக்குச் சராசரியாக நூறு பாட்டு வரும். தனியாக வேண்டாம், பள்ளியில் தமிழாசிரியர் யாராவது கூட உட்காருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.